தலைநகரும் புகழ்நகரும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் புள்ளியியல் மாணவன்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் துறைகளுக்கிடையே நடந்த பொது அறிவுப் போட்டியில் எங்கள் துறையின் சார்பில் நானும் கலந்துகொண்டேன். இறுதிச் சுற்றில் என்னிடம் கேட்கப்பட்ட வினா இது: “அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் எது?” வினாவிலேயே விடை இருக்கிறதே என்று மகிழ்ந்து, சற்றும் யோசிக்காமல் “நியூயார்க்” என்றேன். “தவறு, ஆல்பனி” என்றார் நடுவராக இருந்த பேராசிரியர். அவையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் தாழ்வாரத்தில் அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ என்னை நிறுத்தி, “தம்பி, இந்தத் தவறு உன் ஒருவனுடையது அல்ல. பாதி உலகம் இதே விடையைத்தான் சொல்லும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று தேடிப் பார், மலருக்கு ஒரு கட்டுரை கிடைக்கும்” என்றார். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

மூன்று அளவுகோல்கள்

ஒரு மாநிலத்தின் முதன்மையான ஊர் எது என்று கேட்டால் மூன்று விதமாக விடை கூறலாம். சட்டமன்றமும் ஆளுநர் அலுவலகமும் இருக்கும் ஊர் ஒன்று, அதுவே தலைநகர். மக்கள் மிகுதியாக வாழும் ஊர் மற்றொன்று. அதைப் பெருநகர் என்போம். அம்மாநிலத்தின் பெயரைக் கேட்டவுடன் அயலார் நினைவுக்கு வரும் ஊர் மூன்றாவது. அதற்குப் புகழ்நகர் என்று நானே பெயரிட்டுக்கொண்டேன். இம்மூன்றும் ஒரே ஊராக இருப்பதுதான் இயல்பு என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவைப் பொறுத்தவரை அந்நினைப்பு பெரும்பாலும் பொய்த்துப் போகிறது.

அந்நாட்டில் மாநிலங்கள் 50. அவற்றுள் தலைநகரே மக்கள்தொகையில் முதலிடம் பெற்றிருக்கும் மாநிலங்கள் 17 மட்டுமே. எஞ்சிய 33 மாநிலங்களில் தலைநகரைவிடப் பெரிய ஊர் வேறொன்று உண்டு. எனவே “பெரிய ஊரே தலைநகர்” என்று கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்பவன் மூன்றில் இரண்டு முறை தோற்பான். நான் தோற்றதில் வியப்பில்லை.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நியூயார்க் மாநிலத்தில் வாழ்வோர் ஏறத்தாழ 2 கோடியே 2 இலட்சம். அவர்களுள் 88 இலட்சம் பேர் நியூயார்க் நகரில் இருக்கிறார்கள். தலைநகராகிய ஆல்பனியில் இருப்பவர்களோ ஓர் இலட்சத்துக்கும் குறைவு. இல்லினாய் மாநிலத்தின் சிகாகோவில் 27 இலட்சத்து 46 ஆயிரம் பேர். தலைநகர் ஸ்பிரிங்பீல்டில் 1 இலட்சத்து 14 ஆயிரம் பேர். பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில் 16 இலட்சம் பேர். தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் 50 ஆயிரம் பேர். வெர்மான்ட் மாநிலத்தின் தலைநகரான மான்ட்பீலியரில் 8,074 பேர்தான். ஐம்பது மாநிலத் தலைநகர்களுள் மிகச் சிறியது இதுவே.

பெயர் மயக்கம் தருவனவும் உண்டு. நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத தனி மாவட்டம். வாஷிங்டன் என்னும் மாநிலம் நாட்டின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. அதன் தலைநகர் ஒலிம்பியா, புகழ்நகர் சியாட்டில். அதற்குத் தெற்கே உள்ள ஆரிகன் மாநிலத்தின் புகழ்நகர் போர்ட்லண்டு. தலைநகரின் பெயரோ சேலம்! நம் மாம்பழச் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது.

தலைநகர் பிறந்த கதை

இத்தனை சிறிய ஊர்களை ஏன் தலைநகராக்கினார்கள்? காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது தொலைவு. இரயிலும் தந்தியும் இல்லாத காலத்தில் சட்டமன்ற உறுப்பினர் குதிரையிலோ படகிலோதான் தலைநகரை அடைய வேண்டும். ஆகவே எல்லாத் திசையினருக்கும் நடுவான ஓர் இடத்தைத் தேடினார்கள். புளோரிடாவின் கதை இதற்கு நல்ல சான்று. அங்கே கிழக்கில் செயின்ட் அகஸ்டின், மேற்கில் பென்சகோலா என இரண்டு பழைய ஊர்கள் இருந்தன. மன்றம் முதலில் ஓர் ஆண்டு ஓர் ஊரிலும் மறு ஆண்டு மற்ற ஊரிலும் கூடியது. ஒரு சாரார் எப்போதும் நெடும்பயணம் செய்து அல்லற்பட வேண்டியதாயிற்று. முடிவில் இரண்டுக்கும் இடைவழியில் ஓரிடத்தைத் தேர்ந்து 1824ஆம் ஆண்டு தலைநகராக்கினார்கள். அதுவே டாலஹாசி.

இரண்டாவது அச்சம். துறைமுக நகரங்களில் வணிகர் கையில் செல்வம் குவிந்திருந்தது. அரசு அதிகாரமும் அங்கேயே குவிந்தால் உட்பகுதி உழவர்களின் குரல் எடுபடுமா என்ற ஐயம் நாட்டுப்புறப் பிரதிநிதிகளுக்கு இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆட்சி பீடம் 1797இல் ஆல்பனியில் நிலைபெற்றது. பென்சில்வேனியாவின் ஆட்சி பீடம் 1799இல் பிலடெல்பியாவை விட்டு லாங்காஸ்டருக்குச் சென்று, 1812இல் ஹாரிஸ்பர்க்கை அடைந்தது. 1776இல் விடுதலைப் பிரகடனம் வெளியான பிலடெல்பியாவுக்கே இந்நிலை என்றால் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பாதுகாப்பு. மிச்சிகன் மாநிலத்தின் பழைய தலைநகர் டெட்ராய்ட். ஆற்றுக்கு அக்கரையில் அன்று பிரிட்டிஷாரின் வசம் இருந்த கனடா. 1812இல் மூண்ட போரில் டெட்ராய்ட் பிரிட்டிஷார் கையில் வீழ்ந்தது. அந்த நினைவு ஆறவில்லை. 1847இல் உட்பகுதியில் பெரும்பாலும் காடாக இருந்த ஓரிடத்துக்குத் தலைநகரை மாற்றினார்கள். அது இன்றைய லான்சிங்.

நான்காவது அரசியல் பேரம். இல்லினாயின் தலைநகரை வாண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்ற 1837இல் சட்டமன்றம் வாக்களித்தது. தங்கள் மாவட்டத்து ஊருக்காக முயன்று வென்ற உறுப்பினர்களுள் ஓர் இளைஞரும் இருந்தார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

நான்கிலும் பொதுவாக இருப்பது ஒன்று. தலைநகரைத் தலைநகராக்கியது ஓர் ஆணை. மேசைமேல் விரித்த படத்தில் ஒரு புள்ளி வைத்து, “இதுவே” என்று கையொப்பமிட்டார்கள், ஊர் உண்டாயிற்று.

புகழ்நகர் பிறந்த கதை

புகழ்நகரை எந்த ஆணையும் உண்டாக்கவில்லை. “கெட்டும் பட்டணம் சேர்” என்பது நம் முன்னோர் பழமொழி. பிழைப்பைத் தேடி மக்கள் எங்கே சேர்ந்தார்களோ அங்கேதான் பட்டணம் வளர்ந்தது. பிழைப்பு எங்கே கிடைத்தது? நீர்வழியிலும் இரயில் வழியிலும்.

நியூயார்க்குக்கு இயற்கை ஆழமான துறைமுகத்தைக் கொடுத்தது. மனிதன் ஈரி கால்வாயைக் கொடுத்தான். 1825இல் திறக்கப்பட்ட இக்கால்வாய் 363 மைல் நீளம் கொண்டது. அது ஈரி ஏரிக்கரையில் உள்ள பபலோவை ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஆல்பனியோடு இணைத்தது. உள்நாட்டுத் தானியமும் மரமும் கால்வாய் வழியே ஆல்பனிக்கு வந்து, ஆற்று வழியே நியூயார்க் துறைமுகத்துக்கு இறங்கின. கால்வாய் வந்து முடிந்தது தலைநகரில். செல்வம் போய்ச் சேர்ந்தது துறைமுகத்தில்! பின்னர் 1892 முதல் 1954 வரை இயங்கிய எல்லிஸ் தீவு நிலையத்தின் வழியாக மட்டும் ஒரு கோடியே 20 இலட்சம் குடியேறிகள் அந்நாட்டினுள் நுழைந்தனர். அவர்கள் முதலில் கேட்ட ஊர்ப்பெயர் நியூயார்க். அவர்கள் விட்டுவந்த ஊர்களுக்கு எழுதிய கடிதங்களிலும் அப்பெயரே சென்றது. புகழ் பரவியதில் வியப்பென்ன?

சிகாகோவின் வளர்ச்சியை எண்களால் காண்பது எங்கள் துறைக்குப் பொருத்தம். 1840இல் அதன் மக்கள்தொகை 4,470. 1848இல் மிச்சிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்று வழியோடு இணைக்கும் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் முதல் இரயிலும் ஓடியது. 1871இல் பெருந்தீ ஊரின் நடுப்பகுதியை விழுங்கியது. சாம்பலிலிருந்து எழுந்த ஊர் 1890இல் பத்து இலட்சத்தைத் தாண்டி 10,99,850 ஆயிற்று. ஐம்பதே ஆண்டுகளில் ஏறக்குறைய 246 மடங்கு! 1893இல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. அதையொட்டிக் கூடிய சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார். அவரை அனுப்பிவைக்கச் சென்னை அன்பர்கள் பொருள் திரட்டியது நாம் அறிந்ததே. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிகாகோ என்னும் பெயர் தமிழ்நாட்டில் வழங்கி வருவதற்கு இதுவே தலையாய காரணம். ஸ்பிரிங்பீல்டின் பெயரை நம் காதில் போட எவரும் அங்கே செல்லவில்லை.

கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோ. 1848இல் அதன் அருகே தங்கம் கிடைத்ததால் எழுந்த ஊர் அது; 1854இல் தலைநகராயிற்று. அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு சிற்றூர். 1900இல்கூட அங்கே ஓர் இலட்சத்துச் சொச்சம் பேரே வாழ்ந்தனர். எண்ணெய் கிடைத்தது, 1913இல் இருநூறு மைலுக்கும் அப்பாலிருந்து குடிநீர் வந்தது, வெயிலை நாடித் திரைப்படக்காரர்கள் வந்தார்கள். இன்று 39 இலட்சம் பேர் வாழும் அந்நகரின் ஒரு பகுதியாகிய ஹாலிவுட்டின் பெயர் தெரியாத ஊர் உலகில் இல்லை.

நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் 1905இல் இரயில் நிறுவனம் ஏலம் விட்ட பாலைவன மனைகளிலிருந்து தொடங்கியது. 1931இல் இரண்டு நிகழ்ச்சிகள் அதன் தலையெழுத்தை மாற்றின. ஒன்று, அம்மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. மற்றொன்று, அருகே கொலராடோ ஆற்றில் ஹூவர் அணைக்கட்டு வேலை தொடங்கியது. 2020இல் அங்கே 6 இலட்சத்து 42 ஆயிரம் பேர். தலைநகர் கார்சன் சிட்டியில் 58 ஆயிரம் பேர். சூதாட்டத்தால் வந்த புகழைப் புகழ் என்பதா என்று கேட்பீர்கள். நல்ல பெயரோ கெட்ட பெயரோ, நினைவில் நிற்பதே இங்கு அளவுகோல்.

எண்ணிக்கை செய்யும் மாயம்

மக்கள் மிகுந்த ஊரே புகழ்பெற்ற ஊர் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் கூடாது. புளோரிடாவை மீண்டும் எடுத்துக்கொள்வோம். தலைநகர் டாலஹாசி. புகழ்நகர் மயாமி என்பதில் பலருக்கும் ஐயமிராது. ஆனால் அங்கே மக்கள்தொகையில் முதலிடம் பெற்றது இவை இரண்டுமல்ல. 9 இலட்சத்து 49 ஆயிரம் பேரைக் கொண்ட ஜாக்சன்வில். மயாமியில் 4 இலட்சத்து 42 ஆயிரம் பேரே.

இது எப்படி? 1968இல் ஜாக்சன்வில் நகராட்சியும் அதைச் சூழ்ந்த டுவால் மாவட்டத்தின் ஆட்சியும் ஒன்றாக்கப்பட்டன. ஊரின் எல்லை ஒரே நாளில் மாவட்ட எல்லைவரை விரிந்தது. மயாமியின் எல்லையோ மிகக் குறுகியது. அதை ஒட்டிய மயாமி பீச்கூடத் தனி நகராட்சி. எல்லைக் கோட்டை அழித்துவிட்டுச் சுற்றுப்புறங்களையும் சேர்த்து எண்ணினால் மயாமி வட்டாரத்தில் 61 இலட்சம் பேர். ஜாக்சன்வில் வட்டாரத்தில் 16 இலட்சம் பேர். வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது.

கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் 10 இலட்சத்து 13 ஆயிரம் பேர். அதன் அண்டை நகரான சான் பிரான்சிஸ்கோவில் 8 இலட்சத்து 74 ஆயிரம் பேர். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலமுனையில் இருப்பதால் சான் பிரான்சிஸ்கோ பரவ இடமில்லை. ஆயினும் 1937இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தின் படத்தைப் பார்த்திராதவர் யார்? லாஸ் வேகாஸின் கதை இன்னும் வேடிக்கையானது. அந்நகரின் படங்களில் நாம் காணும் விளக்கொளி மின்னும் விடுதித் தெருவின் பெரும்பகுதி நகர எல்லைக்குள்ளேயே இல்லை! அது எல்லைக்கு வெளியே, மாவட்ட ஆட்சியின் கீழ் உள்ளது. கான்சஸ் சிட்டி என்னும் பெயரில் இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுள் பெரியதும் பெயர்பெற்றதும் கான்சஸ் மாநிலத்தில் இல்லை. மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது.

இதில் எங்கள் பாடத்துக்குரிய படிப்பினை ஒன்றுண்டு. ஒரு தொகையைக் கேட்டால் “எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன் “எந்த எல்லைக்குள்?” என்று கேட்க வேண்டும். எல்லை தெரியாத எண்ணிக்கை வாசல் இல்லாத வீடு.

மூன்றும் ஒன்றான ஊர்கள்

ஆணையும் தொழிலும் ஒரே இடத்தில் சந்தித்த ஊர்களும் உண்டு. மாசசூசெட்ஸின் பாஸ்டன் குடியேற்றக் காலம் முதல் துறைமுகமாகவும் ஆட்சி பீடமாகவும் இருந்துவருகிறது. ஜார்ஜியாவின் அட்லாண்டா 1837இல் ஓர் இரயில் பாதை முடியும் இடத்தில் அடித்த முளையிலிருந்து பிறந்தது. உள்நாட்டுப் போரில் எரிந்து மீண்ட அவ்வூருக்கு 1868இல் தலைநகர்ப் பதவி தேடி வந்தது. கொலராடோவின் டென்வர், ஹவாயின் ஹொனலுலு ஆகியனவும் இவ்வகையே. அரிசோனாவின் பீனிக்ஸ் 16 இலட்சம் மக்களைக் கொண்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் பத்து இலட்சத்தைத் தாண்டிய ஒரே மாநிலத் தலைநகர் அதுதான்.

ஒஹையோவின் கொலம்பஸ் தனிச்சிறப்புடையது. 1812இல் மாநிலத்தின் நடுவிடம் என்பதற்காகவே ஆணையால் உண்டாக்கப்பட்ட ஊர் அது. சின்சினாட்டி, கிளீவ்லண்டு என்னும் இரு தொழில் நகரங்களின் நிழலில் நெடுங்காலம் கிடந்தது. அரசு அலுவல்களோடு பெரிய பல்கலைக்கழகமும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர, இன்று 9 இலட்சம் மக்களோடு அவ்விரண்டையும் விஞ்சி நிற்கிறது. ஆணையால் பிறந்த ஊரும் உழைப்பால் வளரக்கூடும் என்பதற்கு இது சான்று.

புகழ் நிலைக்குமா?

தொழிலால் வந்த பெருமை தொழிலோடு போகவும் கூடும். டெட்ராய்டை நினைத்துப் பாருங்கள். 1913இல் ஹென்றி போர்டு, டெட்ராய்டு சூழ்ந்த ஹைலண்டு பார்க் என்னும் சிற்றூரில் நகரும் தளத்தில் மோட்டார் வண்டிகளைப் பூட்டும் முறையைத் தொடங்கினார். உலகின் மோட்டார் தலைநகர் என்று டெட்ராய்ட் பெயர் பெற்றது. 1950இல் அங்கே 18 இலட்சத்து 49 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். பின்னர்த் தொழிற்சாலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் பெயர்ந்தன. வசதி படைத்த வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1967இல் பெருங்கலவரம் நிகழ்ந்தது. அயல்நாட்டு வண்டிகளின் போட்டி வந்தது. 2013இல் நகராட்சியே கடனைத் தீர்க்க வழியின்றி நீதிமன்றம் சென்றது. 2020இல் மக்கள்தொகை 6 இலட்சத்து 39 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு. பல பத்தாண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில்தான் அது சற்றே ஏறுமுகம் கண்டது. மிசௌரியின் செயின்ட் லூயிஸும் 1950இல் 8 இலட்சத்து 57 ஆயிரமாக இருந்து 2020இல் 3 இலட்சத்து 2 ஆயிரமாகக் குறைந்தது.

முந்திச் செல்லும் ஊர்களும் உண்டு. டென்னசி மாநிலத்தில் 2010ஆம் ஆண்டுக் கணக்கில் மெம்பிஸ் முதலிடத்தில் இருந்தது. 2020இல் தலைநகரான நாஷ்வில் அதைக் கடந்துவிட்டது. 1925இல் ஒரு வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய நாட்டுப்புற இசை அவ்வூருக்கு உலகப் புகழைத் தந்தது. ஆகவே முதன்மை நிலையானது அல்ல. கணக்கெடுக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் ஈட்ட வேண்டியது.

கண்கள் எங்கே இருக்கின்றன?

இதுவரை கண்டது பொது அறிவுப் போட்டிக்கு உதவும் செய்தி. இதைத் தேடும்போது என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி வேறு. பெருநகரை விட்டு ஒதுங்கி இருந்தால் அரசு தூய்மையாக இருக்கும் என்று பழைய தலைமுறையினர் நம்பினார்கள். அந்நம்பிக்கை பலித்ததா?

பிலிப்பே கம்பான்டே, குவோக்-ஆன் டோ என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2014இல் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் எழுதினர். மக்கள் செறிவாக வாழும் இடங்களிலிருந்து தலைநகர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் அளந்தார்கள். ஊழலுக்காகத் தண்டிக்கப்பட்டோர் விகிதத்தோடு அதை ஒப்பிட்டார்கள். தலைநகர் ஒதுங்கி இருக்கும் மாநிலங்களில் ஊழல் மிகுந்திருக்கக் கண்டார்கள்! முன்னோர் எண்ணியதற்கு நேர்மாறான முடிவு.

அவர்கள் சுட்டிய காரணங்களுள் ஒன்று செய்தித்தாள். வாசகர்கள் தலைநகரைச் சுற்றி வாழ்ந்தால் செய்தித்தாள் தலைநகர்ச் செய்திகளை மிகுதியாக வெளியிடுகிறது. வாசகர்கள் தொலைவில் இருந்தால் தலைநகர்ச் செய்திக்கு இடம் குறைகிறது. தொலைவில் வாழும் வாக்காளர் மாநில அரசியலைப் பற்றிக் குறைவாகவே அறிந்திருக்கிறார். மாநிலத் தேர்தலில் வாக்களிப்பதும் குறைகிறது. பார்ப்பவர் இல்லாத இடத்தில் தவறு செய்யத் துணிவு பிறக்கிறது. இல்லினாயை நினைவுகூரலாம். அந்நாட்டில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படுபவர். 1961க்குப் பின் ஸ்பிரிங்பீல்டில் ஆளுநராக இருந்தவர்களுள் நால்வர் வெவ்வேறு குற்றங்களுக்காகப் பின்னர்ச் சிறை சென்றனர்.

இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிந்துவிடலாகாது; இது எங்கள் வகுப்பில் முதலில் கற்பிக்கப்படும் எச்சரிக்கை. மூன்றும் ஒன்றான பாஸ்டனிலும் தண்டனை பெற்ற அரசியல்வாதிகள் உண்டு. தொலைவு ஒன்றே ஊழலை உண்டாக்குவதில்லை. ஆனால் கண்காணிப்பு குறையத் தொலைவு துணை செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அலாஸ்கா மக்கள் இதை நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். அவர்கள் தலைநகர் ஜூனோவை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். மாநில மக்களில் நூற்றுக்கு 40 பேர் வாழ்வது ஆங்கரேஜ் நகரில். தலைநகரை இடம் மாற்ற வேண்டும் என்று 1974இல் மக்கள் வாக்களித்தார்கள். 1976இல் ஆங்கரேஜுக்கு வடக்கே வில்லோ என்னும் இடத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். 1982இல் அதற்கு ஆகும் செலவுக்கு ஒப்புதல் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். தலைநகர் பக்கத்தில் வேண்டும் என்பதும் மக்கள் விருப்பம். அதற்கு விலை கொடுக்க இயலாது என்பதும் மக்கள் தீர்ப்பு.

முடிவுரை

புகழ்நகர் நம் கண்ணை இழுக்கிறது. வானளாவிய கட்டடமும் பாலமும் திரைப்படமும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்தப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கும் சட்டம், அங்கு வாழும் குழந்தையின் பள்ளிக்கான சட்டம், வரிச் சட்டம் எல்லாம் பெயர் தெரியாத ஒரு சிற்றூரின் மண்டபத்தில் நிறைவேறுகின்றன. உழைப்பு ஓர் ஊரில், அதிகாரம் ஓர் ஊரில் என்று பிரித்து வைத்த முன்னோரின் நோக்கம் நல்லதே. அதிகாரம் இருக்கும் ஊரைப் பார்க்க மறந்தால் அந்நோக்கம் வீணாகிறது.

அன்று போட்டியில் நான் இழந்தது ஐந்து மதிப்பெண். நான் அயலூரான், எனக்கு நட்டம் அவ்வளவுதான். தன் மாநிலத்தின் சட்டம் எந்த ஊரில் எழுதப்படுகிறது என்பதை மறந்துவிடும் நியூயார்க்வாசிக்கும் சிகாகோவாசிக்கும் நட்டம் அதனினும் பெரிது. இனி எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். பெயர்பெற்ற ஊர் எது? பேனா இருக்கும் ஊர் எது? முதல் கேள்விக்கு விடை தானே வந்து காதில் விழும். இரண்டாவதை நாம்தான் தேடிப் போக வேண்டும். தேடச் சொன்ன என் பேராசிரியருக்கு நன்றி.